ஒளிக்கு வகுத்த கோடு

புகைப்படக் கேமராவைக் கையில் எடுத்த ஒவ்வொருவரும், படமாக்க வேண்டிய காட்சியைத் தேர்ந்துகொண்ட பிறகு, விடை சொல்லியே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எதிரே பரந்திருக்கும் வெளிச்சத்தில் எவ்வளவை உள்ளே அனுமதிப்பது என்பதே அந்தக் கேள்வி. விடை சொல்வதற்குக் கேமராவில் அமைந்த சாதனங்கள் இரண்டு. லென்ஸுக்குள் விரிந்து சுருங்கும் அப்பெர்ச்சர் ஒளி புகும் துவாரத்தின் அளவை நிர்ணயிக்கிறது; திறந்து மூடும் ஷட்டர் ஒளி புகும் காலத்தின் அளவை நிர்ணயிக்கிறது. துவாரத்தைக் குறைத்து அதற்கு ஈடாகக் காலத்தைக் கூட்டினாலும், காலத்தைக் குறைத்துத் துவாரத்தைப் பெருக்கினாலும், பிலிமில் விழும் ஒளியின் மொத்தம் ஒன்றுதான்; ஆனால் கிடைக்கும் படங்கள் ஒன்றல்ல. சிறிய துவாரம், அருகே நிற்கும் மனிதரையும் தொலைவில் தெரியும் மலையையும் ஒருங்கே தெளிவாகக் காட்டும். விரைந்த ஷட்டர், பாய்ந்தோடும் குதிரையின் குளம்பை அந்தரத்தில் நிறுத்திக் காட்டும். ஆகவே, ஒளியின் அளவைப் பற்றிய தீர்ப்பும் படத்தின் ரூபத்தைப் பற்றிய தீர்ப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவ்விரண்டு தீர்ப்புகளையும் ஒருசேர யந்திரத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடே புரோகிராம் மோடு என்று பெயர் பெற்றது. மனிதனுடைய கண்ணிடமிருந்து அந்தப் பொறுப்பு யந்திரத்தினிடம் போய்ச் சேர்வதற்கு ஏறக்குறைய 120 ஆண்டுகள் பிடித்தன.

டாகெரின் புகைப்பட முறை பாரிஸில் வெளியிடப்பட்ட அதே 1839-ஆம் ஆண்டில்தான், அதே பிரான்ஸைச் சேர்ந்த எட்மண்ட் பெக்கரெல் என்னும் இளம் விஞ்ஞானி, ஒளி படும்போது மின்சாரம் பிறக்கும் விந்தையைப் பரிசோதனையில் கண்டறிந்தார். படத்தைப் பதிக்கும் வித்தையும், பின்னாளில் அந்த வித்தைக்கு வழிகாட்டியாக அமைந்த விஞ்ஞான உண்மையும் ஒரே வருஷத்தில் உலகுக்குத் தெரியவந்தபோதிலும், ஒன்றுக்கொன்று உதவும் காலம் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடவில்லை. அன்றைய படத்துக்கு வேண்டிய அவகாசம் பல நிமிஷங்களாக இருந்தபடியால், சற்று முன்பின்னாக மதிப்பிட்டாலும் பெரிய தீங்கு நேராது; அனுபவமும் ஊகமுமே அளவுகோல்களாக விளங்கின. பிலிமும் தகடும் வேகம் பெற்று, நிமிஷங்கள் வினாடிகளாகவும், வினாடிகள் வினாடியின் பின்னங்களாகவும் சுருங்கிய பிறகே ஊகத்தின் போதாமை வெளிப்படலாயிற்று.

அந்தப் போதாமையை முதலில் சாஸ்திரீயமாக எதிர்கொண்டவர்கள், இங்கிலாந்தின் விட்னெஸ் நகரத்து ரசாயனத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வெரோ சார்லஸ் டிரிஃபீல்டு என்னும் நண்பர்கள் இருவர். ஒளி எவ்வளவு பட்டால் தகடு எவ்வளவு கறுக்கும் என்பதைப் பொறுமையுடன் அளந்து, அந்த உறவை ஒரு வளைகோடாக வரைந்து 1890-இல் அவர்கள் வெளியிட்டார்கள். புகைப்படத்தைக் கைராசியின் ஆட்சியிலிருந்து கணக்கின் ஆட்சிக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களே எனலாம். அதே காலத்தில் ஹெர்ஃபோர்டு நகரத்து ஆல்ஃபிரெட் வாட்கின்ஸ், ஒளிபட்டுக் கறுக்கும் காகிதத்தைச் சிறு கருவிக்குள் அமைத்து, அக்காகிதம் குறிப்பிட்ட நிறத்தை அடைய எத்தனை வினாடிகள் ஆகின்றன என்பதைக் கடிகாரத்தில் எண்ணி எக்ஸ்போஷரைக் கணிக்கும் முறையைப் பரப்பினார். இக்கருவிகள் இல்லாதவர்களுக்குப் பிலிம் சுருளோடு வந்த துண்டுத்தாளே துணை. சுட்டெரிக்கும் வெயில், மேகம் மறைத்த வெயில், திறந்தவெளி நிழல் என்று வரிசையாகச் சித்திரம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இன்ன துவாரம், இன்ன வேகம் என்று அது விதித்திருக்கும். அந்தத் துண்டுத்தாளை மனப்பாடம் செய்த புகைப்படக்காரர், தம்மை அறியாமலே ஒரு புரோகிராமை மனத்தில் ஏற்றிக்கொண்டவர்தான்.

பெக்கரெல் கண்ட உண்மை தொழிலுக்கு வந்து சேர்ந்தது 1930-களில். செலீனியம் என்னும் மூலகத்தைப் பூசிய தகட்டின் மீது ஒளி பட்டால், பேட்டரியின் உதவியில்லாமலே மெல்லிய மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் ஒரு முள்ளை அசைக்கும். முள் காட்டும் எண்ணே வெளிச்சத்தின் அளவு. இந்தத் தத்துவத்தைக் கையடக்கமான கருவியாக்கி, 1932 வாக்கில் அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் லைட் மீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முள் காட்டியதை மனிதன் படித்து, சுழல்வட்டத்தைத் திருப்பிக் கணக்கிட்டு, பிறகு கேமராவில் ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் தானே பொருத்த வேண்டியிருந்தது. அளக்கும் வேலையை மட்டுமே யந்திரம் ஏற்றுக்கொண்டது. தீர்மானிக்கும் வேலை மனிதனிடமே இருந்தது.

அளக்கும் முள்ளையே அப்பெர்ச்சரோடு இணைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் தோன்றியவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஒளி பட்ட உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுவதற்கு 1905-இல் விளக்கம் தந்து, அதன் பொருட்டே நோபல் பரிசு பெற்ற அந்த மேதையும், அவருடைய நண்பரும் எக்ஸ்ரே மருத்துவருமான குஸ்டாவ் பக்கியும் சேர்ந்து, வெளிச்சத்துக்கேற்பத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கேமராவுக்கு 1936 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். அவர்களுடைய யோசனை விற்பனைப் பொருளாக உருப்பெறவில்லை. கடைக்கு வந்த முதல் தானியங்கிக் கேமரா, கோடக் நிறுவனம் 1938-இல் வெளியிட்ட சூப்பர் சிக்ஸ்-20. ஷட்டரின் வேகத்தை மனிதன் தேர்ந்தெடுக்க, அப்பெர்ச்சரைச் செலீனியம் செல் தானே அமைத்தது. அதன் விலை 225 டாலர். சாமானியர் எட்டிப் பார்க்கவும் இயலாத தொகை. எழுநூற்றுச் சொச்சம் கேமராக்களே செய்யப்பட்டன. தானியங்கி முறை சாத்தியம் என்பதை அது நிரூபித்தது; அது ஜனங்களுக்கு உரியதாக வேண்டுமானால் வேறு காரணங்களும் கூடிவர வேண்டியிருந்தது.

யுத்தத்துக்குப் பிந்திய ஐரோப்பாவில் அக்காரணங்கள் இரண்டு விதமாகக் கூடிவந்தன. முதலாவது, வர்ண ஸ்லைடு பிலிம். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் எக்ஸ்போஷர் சிறிது பிசகினாலும் இருட்டறையில் பிரிண்ட் போடும்போது சரிசெய்துகொள்ளலாம். ஸ்லைடிலோ, கேமராவுக்குள் பதிந்ததே இறுதிப் படம். சற்றுக் கூடினால் நிறங்கள் வெளிறும், சற்றுக் குறைந்தால் இருண்டு போகும். விடுமுறைக்குப் போய்வந்த குடும்பத்தார் சுவரில் ஒளிபாய்ச்சிப் பார்ப்பதற்கென எடுத்த ஸ்லைடுகளில் பாதி வீணாயின என்றால், பிலிம் விற்பவருக்கும் அது நஷ்டமே. இரண்டாவது, ஷட்டர் வேகத்தையும் அப்பெர்ச்சரையும் ஒரே எண்ணாகச் சேர்த்துச் சொல்லும் முறை. 1950-களின் நடுவில் ஜெர்மானிய ஷட்டர் உற்பத்தியாளர்கள் ஒளிமதிப்பு என்ற எண் வரிசையை ஏற்படுத்தி, இரண்டு வளையங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழலும்படி அமைத்தார்கள். மீட்டர் 12 என்று சொன்னால் வளையத்தை 12-க்குத் திருப்பினால் போதும். பிறகு அந்த ஜோடியைச் சேர்த்து நகர்த்தி வேண்டிய இணையைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டு தீர்ப்புகளை ஒரே அளவாகப் பார்க்கும் பழக்கத்தை மக்களுக்கு ஊட்டியது இந்த ஏற்பாடுதான்.

இந்த நிலம் பண்பட்டிருந்தபோது, 1959-இல், ஆக்ஃபா நிறுவனம் ஆப்டிமா என்னும் சிறு கேமராவை வெளியிட்டது. அதே நிறுவனம் மூன்று வருஷங்களுக்கு முன் கொண்டுவந்த ஆட்டோமேட்டிக் 66 விலையுயர்ந்ததாக, அபூர்வப் பொருளாகவே நின்றுவிட்டது. ஆப்டிமாவோ சாதாரணக் குடும்பங்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பொத்தானை மெல்ல அழுத்தினால் வியூஃபைண்டரில் பச்சைக் குறி தெரியும். தெரிந்தால் மேலும் அழுத்திப் படம் எடுக்கலாம். சிவப்புத் தெரிந்தால் வெளிச்சம் போதாது. வேகமும் துவாரமும் இரண்டுமே யந்திரத்தின் நிர்ணயம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சிரமம்கூட மனிதனுக்கு மிச்சம் வைக்கப்படவில்லை. 35 மில்லிமீட்டர் பிலிமில் முழுத் தானியங்கிக் கேமரா என்ற பெருமையை முதலில் பெற்றது அதுவே. புரோகிராம் என்னும் கருத்து அன்றுதான் பொதுஜனங்களின் கைக்கு எட்டியது.

மின்னணுச் சுற்றுகளோ கணிப்பொறிச் சில்லோ துணையில்லாமல் ஒரு முள் எவ்வாறு ஷட்டரை ஆண்டது என்பதை அருகிருந்து பார்ப்பது பயன் தரும். ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் 1967-இல் வெளியிட்ட டிரிப் 35 கேமராவை எடுத்துக்கொள்வோம். லென்ஸைச் சுற்றித் தேன்கூட்டின் அறைகளைப்போல் மேடுபள்ளமாக மின்னும் வளையத்துக்குப் பின்னே செலீனியம் செல் இருக்கிறது. வெளிச்சம் மிகும்தோறும் முள் ஒரு பக்கமாகச் சாயும். விரல் ஷட்டர் பொத்தானை அழுத்தத் தொடங்கியதும், முள் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே ஒரு பிடி அதைக் கவ்விக்கொள்ளும். அப்பொழுது படிப்படியாக வெட்டப்பட்ட ஒரு சிறு தகடு மேலெழுந்து, முள்ளில் முட்டி நிற்கும். எந்தப் படியில் முட்டியது என்பதைப் பொறுத்து அப்பெர்ச்சர் இவ்வளவு விரியும், ஷட்டர் 1/40 வினாடியா 1/200 வினாடியா என்பதும் முடிவாகும். வெளிச்சம் மிகவும் குறைந்து முள் அசையாமல் கிடந்தால், தகடு வேறு வழியில் சென்று, வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழுந்து, பொத்தான் இறங்க மறுக்கும். அந்தத் தகட்டின் படிகளை வெட்டிய பொறியாளர், தாம் ஒருபோதும் காணப்போகாத ஆயிரமாயிரம் காட்சிகளுக்கு முன்கூட்டியே தீர்ப்பெழுதி வைத்தார். பேட்டரி இல்லாமல் இயங்கிய அந்தக் கேமரா 1984 வரை உற்பத்தியில் இருந்தது என்பதே அத்தீர்ப்பு எவ்வளவு பொருத்தமானது என்பதற்குச் சாட்சி. இதற்கு முன்பே, 1961-இல், அதே நிறுவனத்தின் யோஷிஹிசா மைத்தானி வடிவமைத்த பென் இஇ, பாதிச் சட்ட அளவில் படமெடுத்து, இதே முறையைப் புகைப்படக்கலை அறியாத தாய்மார்களின் கைக்கும் கொண்டுபோயிருந்தது.

முள்ளுக்கும் எல்லை உண்டு. செலீனியம் மங்கிய வெளிச்சத்தில் ஏறக்குறைய உறங்கிவிடும். முள்ளின் அசைவும் நுட்பமான வேகங்களை ஆளப் போதாது. 1960-களில் காட்மியம் சல்பைடு செல் வந்தது. அதற்குப் பேட்டரி வேண்டும். ஆனால் மாலை மங்கலிலும் விழித்திருக்கும். அதோடு மின்னணு ஷட்டரும் வந்தது: சுருள்வில்லும் பற்சக்கரமும் காலத்தை அளந்த நிலை மாறி, மின்சுற்றே காலத்தை அளக்கலாயிற்று. 1966-இல் வெளியான யாஷிகா எலெக்ட்ரோ 35 அந்த முறையில் பெரும் புகழ் பெற்றது. மனிதன் அப்பெர்ச்சரைத் தேர்ந்தால், கேமரா தனக்கு வேண்டிய வேகத்தைத் தானே கண்டுபிடிக்கும். ஆயினும் காட்மியம் சல்பைடுக்கு ஒரு குறை இருந்தது: பிரகாசமான வெயிலைக் கண்டபின் நிழலை நோக்கினால், பழைய வெளிச்சத்தின் நினைவு சிறிது நேரம் அதைவிட்டு அகலாது. பின்னர் வந்த சிலிக்கான் செல்லுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

சிறு கேமராக்களில் இவ்வளவு முன்னேற்றம் நிகழ்ந்தும், தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் மதித்த எஸ்எல்ஆர் கேமராக்களில் புரோகிராம் வெகு தாமதமாகவே புகுந்தது. லென்ஸை மாற்றிப் பொருத்தும் கேமரா என்பதால், உடல் இட்ட கட்டளையை ஒவ்வொரு லென்ஸும் கேட்டு நடக்கும்படி இணைப்பு அமைக்க வேண்டியிருந்தது. அன்றியும், தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தானியங்கியின்மீது ஒரு கௌரவப் பிணக்கும் இருந்தது. 1965-இல் கோனிகா ஆட்டோரிஃப்ளெக்ஸ் வேகத்தை மனிதனுக்கும் அப்பெர்ச்சரைக் கேமராவுக்கும் பகிர்ந்தளித்தது. 1971-இல் பென்டாக்ஸ், 1972-இல் நிக்கோர்மாட் இஎல் ஆகியவை இதற்கு நேர்மாறாக, அப்பெர்ச்சரை மனிதனிடமும் வேகத்தைக் கேமராவிடமும் ஒப்படைத்தன. பல ஆண்டுகள் இந்த இரண்டு கட்சிகளும் தத்தம் நியாயத்தை வற்புறுத்தி வந்தன. அசைவே முக்கியம் என்பவர்கள் முன்னதையும், தெளிவின் ஆழமே முக்கியம் என்பவர்கள் பின்னதையும் ஆதரித்தார்கள். 1977-இல் மினோல்டா எக்ஸ்டி-7 இரண்டு வழிகளையும் ஒரே கேமராவில் அடக்கியதோடு அந்த வாதம் ஓய்ந்தது.

அதற்கு முந்திய ஆண்டிலேயே கேனன் ஏஇ-1 ஒரு நுண்செயலியை உள்ளே வைத்து வெளிவந்திருந்தது. நுண்செயலி வந்துவிட்டால், வெட்டிய தகட்டின் படிகளுக்குப் பதிலாகக் கணக்கே போதும். எந்த வெளிச்சத்துக்கு எந்த ஜோடி என்பதை எண்களாகவே எழுதி வைக்கலாம். 1978-இல் வெளியான கேனன் ஏ-1 அந்தக் கணக்கை முழுமையாகப் பிரயோகித்து, மின்னணுவால் இயங்கும் புரோகிராமை எஸ்எல்ஆர் கேமராவுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தது. லென்ஸின் வளையத்தை ‘ஏ’ என்ற குறியில் நிறுத்தி, சுழல்வட்டத்தைப் பச்சைநிற ‘பி’ எழுத்துக்குத் திருப்பி, பொத்தானைப் பாதி அழுத்தினால், காட்சியின் அடியில் வேகமும் துவாரமும் சிவப்பு எண்களாக ஒளிரும். ஏஇ-1 புரோகிராமும் மினோல்டா எக்ஸ்-700-ம் 1981-இல் வெளிவந்து, அந்த வசதியை விலை குறைந்த நிலையில் லட்சக்கணக்கானவர்களிடம் சேர்த்தன.

இனி, அந்தப் ‘பி’ எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கவனிப்போம். ஒரு பக்கம் ஷட்டர் வேகங்களையும் மறுபக்கம் அப்பெர்ச்சர் எண்களையும் வைத்து வரைபடம் போட்டால், புரோகிராம் என்பது அதில் சாய்வாக ஏறிச் செல்லும் ஒரு கோடு. 100 வேகமுள்ள பிலிமுக்கு ஓர் எளிய உதாரணம் சொல்லலாம். வீட்டுக்குள் ஒளிமதிப்பு 9 என்றால் எஃப் 2.8, 1/60 வினாடி. 11 என்றால் எஃப் 4, 1/125. 13 என்றால் எஃப் 5.6, 1/250, உச்சி வெயிலில் 15 என்றால் எஃப் 8, 1/500. வெளிச்சம் இரண்டு படி ஏறும்போது துவாரம் ஒரு படி சுருங்கி, வேகம் ஒரு படி கூடுகிறது. இரு தரப்புக்கும் சமமாகப் பங்கிட்ட நீதி இது. வெளிச்சம் குன்றும்போது கை நடுக்கம் படத்தைக் கெடுக்காதபடி 1/60 வினாடிக்கு அருகில் நின்று துவாரத்தை அகலத் திறப்பதும், அது முழுவதும் திறந்தபிறகே வேகத்தைக் குறைப்பதும் இத்தகைய கோடுகளின் பொதுவான ஒழுக்கம். இவ்விடத்தில்தான் இந்தச் சரித்திரத்தின் சாரமான உண்மை விளங்குகிறது. ஒளிமதிப்பு 13-க்கு எஃப் 5.6 என்றே கொள்ளவேண்டும் என்று இயற்கை எங்கும் விதித்துவிடவில்லை. எஃப் 16-உம் 1/30-உம் கொண்டாலும், எஃப் 2.8-உம் 1/1000-உம் கொண்டாலும் ஒளி ஒன்றே. இத்தனையில் ஒன்றைத் தேர்ந்து கோடாக இழுத்தது மனித விவேகம். நடுத்தரமான மனிதர், நடுத்தரமான தூரத்தில், நடுத்தரமான வேகத்தில் அசையும் காட்சியை எடுப்பார் என்று ஊகித்து, அவருக்குப் பெரும்பாலும் பொருந்தும் விடையை யாரோ ஓர் அனுபவசாலி முன்கூட்டியே வகுத்துத் தந்திருக்கிறார்.

ஒரே கோடு எல்லாக் காட்சிக்கும் பொருந்தாது என்பதை அதை வரைந்தவர்களே விரைவில் உணர்ந்தார்கள். தொலைவை அருகே கொண்டுவரும் நீண்ட லென்ஸ், கை நடுக்கத்தையும் பெருக்கிக் காட்டும். அதற்கு விரைந்த ஷட்டர் வேண்டும். ஆகவே 1984-இல் கேனன் டி70, அகன்ற லென்ஸுக்கு ஒன்று, சாதாரண லென்ஸுக்கு ஒன்று, நீண்ட லென்ஸுக்கு ஒன்று என மூன்று கோடுகளைத் தந்தது. 1985-இல் தானே ஃபோகஸ் செய்யும் மினோல்டா 7000, பொருத்திய லென்ஸின் நீளத்தைத் தானே அறிந்து தகுந்த கோட்டைத் தேர்ந்தது. 1987-இல் வந்த கேனன் இஓஎஸ் 650-இல், ஒரு சிறு சக்கரத்தை உருட்டினால், ஒளியின் மொத்தம் மாறாமல் ஜோடி மட்டும் நகர்ந்தது. புரோகிராம் ஷிஃப்ட் என்னும் இந்த வசதி, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானிய ஷட்டரில் பூட்டிய வளையங்களை ஒன்றாகச் சுழற்றிய அதே சுதந்திரத்தை மனிதனுக்கு மீட்டுத் தந்தது.

இவ்வளவு நுட்பம் பெற்றும் கோடு அறியாத ஒன்று உண்டு: எதிரே இருப்பது இன்னதென்று அதற்குத் தெரியாது. மீட்டருக்கு எட்டுவது வெளிச்சத்தின் அளவு மட்டுமே. எந்தக் காட்சியும் மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறமே என்ற அனுமானத்தின் மேல்தான் அது நிற்கிறது. புகைப்படக்காரர்கள் 18 சதவீத ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டையை வைத்து அளந்து பழகியதும் இதனாலேயே. பனி மூடிய வெளியைப் பார்த்த மீட்டர், வெண்மையைச் சாம்பலாக்கும்படி ஒளியைக் குறைக்கும். படத்தில் பனி அழுக்கடைந்ததுபோல் தோன்றும். கறுத்த யானை சட்டத்தை நிறைத்து நின்றால், ஒளியை மிகுதியாக்கி அதன் மேனியை வெளிறச் செய்யும். பின்னால் பொங்கும் வெளிச்சத்தால் மீட்டர் ஏமாற்றப்படுவதால், ஜன்னலுக்கு முன் நிற்பவரின் முகம் இருளில் மறையும். 1983-இல் நிக்கான் எஃப்ஏ சட்டத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து, எடுக்கப்பட்ட ஏராளமான படங்களின் அனுபவத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்தது. பிழைகள் குறைந்தன, அனுமானம் அனுமானமாகவே இருந்தது.

ஆகையால்தான், புரோகிராமைத் தந்த அதே ஏ-1 கேமராவில், அதைத் திருத்தும் வழியும் வைக்கப்பட்டிருந்தது. எக்ஸ்போஷரை இரண்டு படி கூட்டவும் இரண்டு படி குறைக்கவும் ஒரு சுழல்வட்டம். அருகே சென்று முகத்தை அளந்து, அந்த அளவைப் பிடித்து வைத்துக்கொண்டு, திரும்பி வந்து படமெடுக்க ஒரு பொத்தான். பனியைக் கண்டால் ஒன்றரைப் படி கூட்டுபவரும், ஜன்னலுக்கு முன் நிற்பவரைக் கண்டால் முகத்தை அணுகி அளப்பவரும் தானியங்கியை அவமதிக்கவில்லை. அதன் எல்லையை அறிந்து அதைக் கையாளுகிறார்கள். வர்ண நெகட்டிவ் பிலிம் இரண்டு படி வரை ஒளி மிகுந்தாலும் பொறுத்துக்கொள்ளும் என்பதால், அதைப் போட்டவர்கள் இந்த அறிவு இல்லாமலும் காலம் தள்ளினார்கள். ஸ்லைடு போட்டவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கைவினையை அழித்தது தானியங்கி என்று பழைய தலைமுறையினர் சிலர் குறைகூறினார்கள். கைவினையின் தொல்லையிலிருந்து விடுவித்தது என்று விளம்பரங்கள் முழங்கின. இரண்டும் முழு உண்மை அல்ல என்பதே என் அபிப்பிராயம். துண்டுத்தாளின் சித்திரங்களிலும், படிகள் வெட்டிய தகட்டிலும், நுண்செயலியின் எண்களிலும் தொடர்ந்து குடியிருந்தது மனித அனுபவம்தான். அது ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிய வழிகள் மட்டுமே வேறு. புரோகிராமில் படமெடுப்பவர் தம் தீர்ப்பைத் துறந்துவிடவில்லை. முன்பின் அறியாத ஒரு பொறியாளரின் தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறார். அந்தப் பொறியாளர் எதை எண்ணி அந்தக் கோட்டை இழுத்தார் என்பதை அறிந்தவருக்கு, எங்கே அதை நம்பலாம், எங்கே அதை மீறவேண்டும் என்பது தானே புலப்படும். பிலிம் கேமராவை இன்று மீண்டும் கையில் எடுக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பச்சை எழுத்தை வெறுத்து ஒதுக்கவும் வேண்டாம், அதன்மீது கண்மூடித்தனமான பக்தியும் வேண்டாம், உங்கள் கேமராவின் புரோகிராம் எந்த வெளிச்சத்தில் எந்த ஜோடியைத் தருகிறது என்பதை ஒரு சுருள் பிலிம் செலவழித்தாவது குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு கையில் இருக்கும்வரை, கேமரா எடுக்கும் முடிவு ஒவ்வொன்றும் நீங்கள் சம்மதித்து எடுத்த முடிவாகவே இருக்கும்.